அலமாரிக்குள் தேசாந்தரம்

ரயிலுக்குச் செலவிடும் பணத்தில் புகைப்படப் புத்தகங்களாக வாங்கிக் குவிக்கிறேன், இதுவும் தேசசஞ்சாரந்தானே?
*வாசகர், நாகர்கோவில்*

காலும் நோகாமல், பிறதேசத்து ஆகாரத்தால் வயிறும் கெடாமல் நடைபெறுவதால் உத்தமமான சஞ்சாரமென்றே சொல்வேன். ஆயினும் 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ கேப்டன், தஞ்சைப் பெரிய கோவிலின் அடிப்பீடத்துச் சாசனங்களை 21 படங்களாக எடுத்து ஒன்றாய் ஒட்டியபோது, அதன் நீளம் 19 அடிக்கும் மேலாயிற்று. அத்தகைய படத்தைப் பார்க்க வீட்டுக்குள்ளும் நடந்தே தீரவேண்டும்!

ஏ. கே. செட்டியார் படம் எடுக்க ஊர் சுற்றினாரா, ஊர் சுற்றப் படம் எடுத்தாரா?
*வாசகி, தக்கலை*

இரண்டுக்கும் கப்பல் டிக்கெட் ஒன்றுதானே, அம்மணி? டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அம்மனிதர், காந்தியடிகளைப் பிறர் எடுத்த படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து, ஏறக்குறைய 50,000 அடி திரட்டி, 1940-இல் வெளியான தம் திரைப்படத்திற்கு அதில் ஒரு பகுதியையே உபயோகித்தார். சேகரிப்பவர்களில் அவரே சக்கரவர்த்தி. நாமெல்லாம் கப்பங்கட்டும் சிற்றரசர்கள்.

சித்திரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் சூரியாஸ்தமனம், சந்திரோதயம் இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முடியுமா?
*வாசகர், குலசேகரம்*

மேற்கே ஒருவர் விடைபெற, கிழக்கே மற்றவர் பிரவேசிக்க, நடுவே காமிராவுடன் நிற்கும் தாங்கள் எவருக்கு முதுகு காட்டுவதாக உத்தேசம்?