சாவடியில் பெய்த மழை

பொங்கல் லீவுக்கு வந்திருக்கிற பேரப்பிள்ளைகளா, நேத்து சாயந்தரம் சாவடித் திண்ணையில நீங்க நடத்தின கச்சேரியைத் தூணுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு முழுசாக் கேட்டேன். தாத்தா தூங்குதாருன்னு நினைச்சீக. எனக்குக் கண்ணு மூடினாலும் காது மூடாது. உங்க பாட்டியோட குடும்பம் நடத்தினவனுக்கு அந்தப் பழக்கம் தானா வந்துரும்.

ஆளுக்கு ஒரு மழைப்பாட்டு போடணும், அது ஏன் பிடிச்சதுன்னு சொல்லணும். இதுதானே ஏற்பாடு? நல்ல ஏற்பாடுதான். ஆறு பேரு, ஆறு போனு, டப்பா மாதிரி ஒரு ஸ்பீக்கரு. ஒருத்தன் பாட்டு ஓடுதப்ப மத்த அஞ்சு பேரும் தலையைக் குனிஞ்சு அவனவன் பாட்டைத் தேடிக்கிட்டு இருந்தீக. ஒழுங்காக் கேட்டது நானும் திண்ணைக்குக் கீழ படுத்திருந்த நாயும்தான். அதுவும் மூணாவது பாட்டுல எந்திரிச்சுப் போயிருச்சு.

அப்படியே இருங்க. அடுத்தவன் போடுற பாட்டைக் கேட்டுத் தொலைச்சிராதீக. கேட்டா பிடிச்சுப்போகும். பிடிச்சுப்போனா அப்புறம் எதை வச்சுச் சண்டை போடுவீக? ஏன் பிடிக்கும்னு கேட்டா, "செம வைப்பு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருங்க. நாலு பேரு அப்படித்தான் முடிச்சீக. இளையராஜாவா ரகுமானான்னு ஆரம்பிச்சீக பாருங்க, அதுக்கு ஒரு மணி நேரம். அந்த ரெண்டு பேரும் நம்ம சாவடித் தீர்ப்புக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காக.

எம் பேத்தி ஒருத்திதான் காரணம்னு ஒண்ணைச் சொன்னா. மௌன ராகம் படத்துல ரேவதி மழையில ஆடுற பாட்டு. அவ அம்மா அடுப்படியில நின்னு முணுமுணுப்பாளாம், அதைக் கேட்டுக் கேட்டே பிடிச்சுப்போச்சாம். யாரும் காதுல வாங்கல. படம் வந்தது 1986-ல. அப்ப அவ அம்மா, அதான் எம் மக, பாவாடை சட்டை போட்ட சிறுசு. அந்த ஐப்பசியில தெருவுல நனைஞ்சு குதிச்சான்னு எங்கிட்ட ரெண்டு அடி வாங்கினா. ரேவதி நனைஞ்சதை டூரிங் கொட்டாயில காசு குடுத்துப் பாத்தேன், எம் மக நனைஞ்சதுக்கு அடி குடுத்தேன். அவ அந்தப் பாட்டை ஏன் இன்னும் முணுமுணுக்காள்னு எனக்கு நேத்துத்தான் விளங்குச்சு. தூணைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

எங்க காலத்துல நாங்க ரொம்ப ஒழுங்குன்னு நினைச்சிராதீக. டீக்கடை ரேடியோவுல இலங்கை வானொலி. நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப் போட்டுட்டு வாரக்கணக்காக் காத்துக் கிடப்போம். பாட்டுக்கு முன்னால பேரு வாசிப்பாக பாருங்க, எங்களுக்கு அதுதான் சங்கீதம். பேரு வந்துட்டா பாட்டு ஓடுறதுக்குள்ள டீ வாங்கிக் குடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லப் போயிருவோம்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். நீங்க போட்ட மழையில நனைஞ்ச ஒருத்திக்கும் சளி பிடிக்கலையே, அது எப்படி? ஒரு வீடும் ஒழுகல. 2023 மார்கழி பிறந்த அன்னைக்கு நம்ம மாவட்டத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழைக்கு எந்த ஹீரோ ஆடுவான்? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் விவரமானவ. திருப்பாவை நாலாவது பாட்டுல மழையைக் கூப்பிடும்போதே, உலகம் வாழுற மாதிரி பெய்யணும்னு நிபந்தனை போட்டுத்தான் கூப்பிட்டா. கரிசக்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரி, இல்லையா?

மழை பொய்ச்ச வருஷம் எங்க ஆத்தாளும் பாடினா. பொம்பளைக வீடு வீடாப் போயி மழைக்கஞ்சி வாங்குவாக. வைக்கோல்ல கொடும்பாவி கட்டித் தெருத்தெருவா இழுத்து, செத்த வீட்டுல அழுகுற மாதிரி மாரடிச்சு ஒப்பாரி வைப்பாக. வானத்துக்கே கேக்கணும்னு அழுகுறது. பயந்துபோயி நான் குலுக்கைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். அதுவும் மழைப்பாட்டுதான், ஆனா எங்க ஆத்தா குரலு எந்தப் போனுலயும் கிடைக்காது. நீங்களும் கேக்கல, நானும் பாடல. தூங்குறவன் எப்படிப் பாடுவான்?

கடைசியா அந்த ஒல்லிப்பய அக்னி நட்சத்திரம் படத்துல ஜேசுதாசும் ஜானகியும் பாடினதைப் போட்டான். "இதுல மழையே இல்லையே, அவுட்டு!"ன்னு அஞ்சு பேரும் கத்துனீக. அவன் பதறாம, "பாட்டுல மழை இல்ல, ராகம் அமிர்தவர்ஷினி"ன்னான். பிறகு எட்டயபுரத்துக் கதையைச் சொன்னான். முத்துசாமி தீட்சிதரு வறண்டு கிடந்த ஊரைப் பாத்து அந்த ராகத்துல பாட, மழை கொட்டித் தீத்துச்சாம். போதும்னு சொல்லவும் பாட வேண்டியதாப் போச்சாம். மெய்யோ பொய்யோ, 1835-ல அவரு கண்ணை மூடினதும் அந்த ஊருலதான், சமாதியும் அங்கதான். எட்டயபுரம் பஸ்ஸுல எத்தனை தடவை போயிருக்கீக, என்னைக்காவது இறங்கிப் பாத்தீகளா?

எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனா அந்தப் பாட்டு ஓட ஓட ஒத்தைக் கண்ணைத் திறந்து கிழக்க பாத்தா, மேகம் கருகருன்னு திரண்டு நிக்கி. தார் ரோட்டுல என் ஒன்றரை ஏக்கர் உளுந்தும் காயுது. "ஏலே, அந்த ராகத்தை நிப்பாட்டுலே!"ன்னு நான் எந்திரிச்சுக் கத்தினது அதுக்குத்தான். பேய் பிடிச்சிருச்சுன்னு நினைச்சு ஒருத்தி திண்ணையை விட்டே குதிச்சா.

பிறகு எல்லாரும் ஓடி வந்து தார்ப்பாயை இழுத்து மூடினீக. குறை சொல்ல மாட்டேன். அந்த ரகுமான் கட்சிக்காரன் மட்டும் உளுந்து மேல செருப்போட நின்னு வீடியோ எடுத்தான். நாலு தூத்தலோட மேகமும் கலைஞ்சு போச்சு.

இன்னைக்குச் சாயந்தரம் என்ன தலைப்பு? வெயில்னு வைங்க, நானும் தூணுக்கு இந்தப் பக்கம் வந்து உக்காருதேன். உளுந்து இன்னும் ரெண்டு நாள் காயணும்.