வலைக்கு எந்தப் பக்கம்

எழுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் மாமா வீட்டு மொட்டை மாடியில் இருந்த புறாக்கூண்டுக்குத் துறைமுகம்தான் சாமான் கொடுத்தது. கப்பலில் மிஷின் வந்த பெட்டிகளைப் பிரித்து விற்கும் மரக்கடையில் வாங்கிய பலகை. காசிமேட்டில் கழித்துப்போட்ட நைலான் மீன்வலை. பெருச்சாளி கடிக்காமலிருக்க அடியில் மட்டும் அரை அங்குலக் கம்பிவலை. தகரம் போடமாட்டார், உப்புக்காற்றில் சீக்கிரமே பொத்துவிடும். ஐப்பசி மழை சாய்ந்தடிக்கும் வடகிழக்கில் முழுப் பலகை, தெற்கே திறப்பு. "தரை காஞ்சிருக்குதா பாரு" என்பார் காலையில். ஈரம் நின்றால் புறாவுக்குச் சீக்கு வரும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடிய காலம் அது. சாம்பல் படிந்த தண்ணீர்த் தட்டைக் கழுவுவது என் வேலை. கம்பு, சோளம், பச்சைப்பயறு. கூடவே செங்கல் தூள், அடுப்புக்கரி, நசுக்கிய கிளிஞ்சல். பகலில் ஆண், சாயங்காலம் முதல் மறுநாள் காலைவரை பெட்டை என்று மாறிமாறி அடைகாக்கும். பொரிந்து ஒரு வாரத்தில் குஞ்சுக்கு வளையம் போட்டுவிட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை ஏற்றி, பின்விரலை மெல்ல வெளியே உருவுவார் மாமா. அந்தத் தடித்த விரல்களுக்கு அவ்வளவு பதம் எப்படி வந்ததோ! சில நாள் தவறினால் பாதம் நுழையாது.

மயிலை இப்படிக் கூண்டு போட்டு வளர்க்க முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. மாமா வளர்த்த, எங்கே விட்டாலும் கூடு திரும்பும் ஹோமர் புறாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தடை வேறு வழியில் வந்திருக்கிறது.

அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2021இல் விம்கோ நகர்வரை மெட்ரோ வந்தது. மாமா வீட்டு மனையில் இப்போது அடுக்ககம், அதில் ஒரு வீடு அவர் மகனுக்கு. அன்று புறா வெளியே போகாமலிருக்கக் கட்டிய அதே நைலான் வலையை, இன்று புறா உள்ளே வராமலிருக்க ஒவ்வொரு பால்கனியிலும் கட்டியிருக்கிறார்கள். மாடியில் மகன் வைத்திருக்கும் கூண்டு நவீனமானது. அன்று பந்தயத்திலிருந்து திரும்பிய புறாவின் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டியில் போட ஓடுவோம். இன்று புறா வாசற்பலகையை மிதித்ததும் காலில் உள்ள சிப் நொடிக்கணக்கைப் பதிந்துவிடுகிறது. மாடிக் கதவுக்குத்தான் பூட்டு. சாவி குடியிருப்போர் சங்கத்திடம். கூண்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எச்சத் தூசியால் நுரையீரல் கெடும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. புறா வளர்ப்போருக்கு வரும் நுரையீரல் அழற்சி மருத்துவர்கள் நன்கறிந்த நோய்தான். ஆகவே தினமும் சுரண்டி அள்ள வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், தண்ணீர்த் தொட்டியைவிட்டுத் தள்ளிக் கூண்டு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடட்டும், மீறினால் அபராதம் வாங்கட்டும். சாவியை மட்டும் கொடுத்துவிடட்டும். பழகிய ஹோமரை வேறு மாடிக்கு மாற்றிப் பழக்குவது லேசில்லை. நாக்பூரில் திறந்துவிட்டால் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் பறந்து அது தேடி வருவது இந்த மாடியைத்தான்.