அங்க அடையாளம்

1979இல் பத்தாம் வகுப்பு முடித்துக் கோவில்பட்டிப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனேன். சான்றிதழில் அங்க அடையாளங்கள் இரண்டு எழுத வேண்டும். மற்ற பையன்கள் சட்டையைக் கழற்றி மச்சம் தேடிக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் என்னை மட்டும் எதையும் கழற்றச் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார். "ஒனக்கென்னலே, மூஞ்சியிலேயே ஊருப்பட்டது கெடக்கு" என்றார். 'இடது கன்னத்தில் ஒரு தழும்பு' என்று எழுதினார். ஒன்று என்று எழுதியது அவருடைய பெருந்தன்மை. எண்ண ஆரம்பித்திருந்தால் படிவத்தில் இடம் போதாது.

அந்தக் காலத்தில் பருவுக்கு டாக்டரிடம் போவது என்றால் தும்மலுக்கு ஆபரேஷன் செய்துகொள்வது போல. தெருவே மருத்துவமனை, கட்டணம் கிடையாது. ஜாதிக்காயைச் சந்தனக் கல்லில் உரைத்துப் போடு என்றாள் அத்தை. பல் விளக்கும் முன் எச்சிலைத் தொட்டு வை என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டு அண்ணன் கல்லூரியில் படித்தவர். அவர் விஞ்ஞான முறைப்படி பற்பசை பூசச் சொன்னார். எலுமிச்சை, வேப்பிலை, பயத்தமாவு என்று என் கன்னம் பாதி அடுப்படியைத் தின்றது. ஆச்சி மட்டும் எதுவும் பூசச் சொல்லவில்லை. "வயசுச் சூடுலே. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள்.

கல்யாணம் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. கைக்கண்ணாடியும் இரண்டு கட்டைவிரல் நகமும் இருந்தன. பிதுக்கினால் போய்விடும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். போனது பரு. வந்தது குழி.

எங்கள் பக்கத்தில் குழி விழுந்த முகம் என்றால் அம்மைதான். பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975இல். 1977இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊர்க் கண்ணுக்கு அந்த அறிவிப்பு வந்து சேரவில்லை. 1990இல் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்குச் சின்னதுல அம்மை போட்டிருந்ததோ?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் ஆச்சி முந்திக்கொண்டாள். "ஆமா, மாரியாத்தா வெளையாண்டுட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை வடு என்றால் ஆத்தாளின் அருள். பரு வடு என்றால் கை அடங்காத பயல். ஆச்சிக்குக் கணக்குத் தெரியும்.

பெண் வீட்டுக்கு அதற்கு முன்பே போட்டோ போயிருந்தது. ஸ்டுடியோ அண்ணாச்சி இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு 'டச்சப்' செய்த போட்டோ அது. அடியில் வெளிச்சம் வைத்த கண்ணாடி மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசி போல் சீவிய பென்சிலால் குழி குழியாக அடைப்பார். நெகட்டிவில் எங்கே பென்சில் படுகிறதோ அங்கே படத்தில் வெளுப்பு வரும். அரை மணி நேரத்தில் என் கன்னம் ஜெமினி கணேசனுடையதாகிவிட்டது. மணவறையில் என் மனைவி முதல்முறையாகப் பக்கத்தில் பார்த்தாள். "போட்டோல இருந்தவரு எங்க?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது 2022க்கு வருகிறேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்து மாதம் கழித்து முகூர்த்தம். அவள் மண்டபம் பார்க்கும் முன் போட்டோகிராபரைப் பிடித்தாள். பிறகு என்னைப் பிடித்தாள். "அப்பா, அவங்க கேமராவுல எல்லாமே தெரியும். வாங்க, ஸ்கின் டாக்டர்கிட்ட போவோம்." ஐம்பத்தொன்பது வயதில் பருவுக்கு டாக்டரா என்று கேட்டேன். பருவுக்கு இல்லை, அதன் பாக்கிக்கு என்றாள்.

மதுரையில் அந்த டாக்டர் மகள் வயதுப் பெண். அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறிய விளக்கொன்றைக் கன்னத்தின் பக்கவாட்டில் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் குழியெல்லாம் பக்க வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்குமாம். இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அங்கிள், உங்ககிட்ட மூணு வகையும் இருக்கு!" என்று சொல்லி, பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்க ஆட்கள் ஆசையோடு ஓடி வந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

அன்று எங்களுக்கு இருந்தது 'குழி' என்ற ஒரே சொல். குழிகளை இப்படி மூன்றாகப் பிரித்து அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது 2001இல். அதாவது, இந்தப் பிரிவு வரும் முன்பே இருபது வருஷத்துக்கு மேல் சுமந்திருக்கிறேன்.

முதல் வகை ஐஸ்-பிக். கோணி ஊசியால் குத்தியது போல வாய் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆழமோ அதிகம். மேல்பூச்சு எதுவும் அதன் அடியை எட்டாது. இரண்டாவது பாக்ஸ்கார். கூட்ஸ் வண்டிப் பெட்டி போலச் சுவர் செங்குத்தாக இறங்கி, அடி தட்டையாக இருக்கும். மூன்றாவது ரோலிங். நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில், கரை தெரியாமல் ஏறி இறங்கும் பள்ளம். இலவம்பஞ்சு மெத்தையில் நூல் கோத்து இழுத்துத் தைத்த இடம் அமுங்கியிருக்குமே, அதே கதைதான். தோலுக்கு அடியில் நார் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. விரலால் கன்னத்தை இழுத்தால் இந்தப் பள்ளம் மறைந்துவிடும், மற்ற இரண்டும் மறையாது. டாக்டர் இழுத்துப் பார்த்தது அதற்குத்தான்.

"ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். ஆழத்தில் வீங்கிய பரு தோலுக்குள்ளேயே உடையும்போது, தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற நார் அழிகிறது. ஆறும்போது குறைவாக நிரம்பினால் பள்ளம், அளவுக்கு மிஞ்சி நிரம்பினால் மேடு. பிதுக்கினால் அந்தச் சீழும் வீக்கமும் இன்னும் உள்ளே இறங்கும். டாக்டர் இதை வருத்தமில்லாமல் சொன்னார். நான் கட்டைவிரல்களை மடக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு வைத்தியம். முதலில் மெத்தை. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரே துளை வழியாக ஒரு தட்டை முனை ஊசியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, இழுத்துப் பிடிக்கும் நார்களை முன்னும் பின்னுமாக அறுத்தார்கள். சப்சிஷன் என்று பெயர். நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற அப்பாவும் மகனும் 1995இல் எழுதிய முறை. வலி இல்லை, ஆனால் நார் அறும் 'நறநற' காதுக்குள் கேட்டது. கன்னம் பத்து நாள் ஊதா நிறத்தில் கன்றிக் கிடந்தது. வீட்டில் அடி விழுந்ததாக அலுவலகத்தில் செய்தி பரவியது. மனைவி அதை மறுக்கவில்லை.

கோணி ஊசிக் குழிகளுக்கு வந்த ஆயுதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பல்குத்தும் குச்சி. அன்று பற்பசை, இன்று பல்குச்சி. என் கன்னத்துக்கும் பல்லுக்கும் ஏதோ பூர்வ பந்தம். குச்சி முனையில் வீரியமான ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைத் தொட்டு, ஒவ்வொரு குழியின் அடியிலும் வைத்து அழுத்தினார். சில நொடியில் உப்புப் பூத்தது போல அந்த இடம் வெளுத்தது. உள்ளே காயம்பட்டால் தோல் புது நாரை உண்டாக்கி அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும். 2002இல் கொரியாவிலிருந்து வந்த வழி. ஒரு தடவையில் முடியாது, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். "இந்த அமிலத்தை ஆன்லைன்ல வாங்கி வீட்டிலேயே வச்சுக்கிட்டு, வெந்துபோய் வர்றாங்க அங்கிள்" என்றார். பக்கத்து வீட்டு அண்ணன்கள் இப்போது போனுக்குள் குடிபோய்விட்டார்கள் என்று புரிந்தது.

பெட்டிக் குழிகளில் ஆழமான இரண்டை வட்டக் கத்தியால் சுற்றி வெட்டி, அடியை மேலே தூக்கி மட்டம் பார்த்து விட்டார்கள். கொத்தனார் வேலை. மற்றவற்றுக்கு ஃப்ராக்‌ஷனல் லேசர். 2004இல் வெளியான யோசனை இது. முகத்தை முழுக்கச் சுடாமல், கண்ணுக்குத் தெரியாத புள்ளி புள்ளியாகச் சுட்டு, நடுவே நல்ல தோலை விட்டுவைத்தால் அது சீக்கிரம் ஆற்றிவிடும். முடி கருகிய வாசம். நாலு நாள் உப்புத்தாள் முகம். நம்மைப் போல் மாநிறத் தோலில் லேசர் கொஞ்சம் தூக்கலாகப் போனால் குழி குறைந்து கருமை வந்துவிடும். அதனால் வேகத்தைக் குறைத்தே வைத்தார். அதோடு வெயில் காப்புக் களிம்பு. அறுபதை நெருங்கும் ஆள் கன்னத்தில் வெள்ளையாகப் பூசிக்கொண்டு பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி நின்றே நீட்டுகிறார்.

மேடு கட்டும் வகை என் மைத்துனரின் சொத்து. நெஞ்சில் பரு வந்த இடத்தில் கீலாய்டு. இருபது வருஷத்துக்கு முன் ஓர் இடத்தில் 'ரெண்டு நிமிஷ வேலை' என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். அது வட்டியோடு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதற்கு வெட்டு மட்டும் போதாது. சில வார இடைவெளியில் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டு அமுக்க வேண்டும்.

மகளுக்கு இருந்ததோ குழியே இல்லை, பரு ஆறிய கறுப்புப் புள்ளிகள். "இது தழும்பே இல்லை, கறைதான். மாதக்கணக்கில் தானாக மங்கும். வெயிலைத் தவிர்த்தால் சீக்கிரம் மங்கும்" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அவள் ஏற்கெனவே மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூப் ஒன்றைக் காட்டினாள். டாக்டர் அதை வாங்கிக் குப்பையில் போட்டார். ஸ்டீராய்டு கலந்தது. ஒரு வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, புதுப் பரு கிளம்பும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே அரசு விதி போட்டுவிட்டது. விதி டெல்லியில் இருக்கிறது, ட்யூப் தெருமுனையில் இருக்கிறது.

பத்து மாதம், ஆறு சிட்டிங். என் முதல் வருஷச் சம்பளம் மொத்தமும் ஒரு சிட்டிங்குக்குக் காணாது. டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்: பழைய கன்னம் திரும்பாது, குழியின் ஆழம் குறையும், முழுப் பலனும் தெரிய மேலும் சில மாதம் ஆகும். அப்படியே நடந்தது. கண்ணாடியில் பார்த்தால் நானேதான், ஆனால் ரோடு போட்ட பிறகு.

ஆச்சி சொன்னது பலித்துவிட்டது. கல்யாணம் ஆனால் சரியாகும் என்றாளே தவிர, யார் கல்யாணம் என்று சொல்லவில்லை.

மண்டபத்தில் யாரும் என் கன்னத்தைக் கவனிக்கவில்லை. எல்லாரும் மொய்க் கவரைத்தான் கவனித்தார்கள். மூன்று மாதம் கழித்து ஆல்பம் வந்தது. மிச்சமிருந்த குழிகளையும், கூடவே மூக்கோரத்தில் இருந்த மச்சத்தையும் போட்டோகிராபர் கணினியில் துடைத்துவிட்டிருந்தார். மனைவி ஆல்பத்தைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷத்துப் பழைய கேள்வியையே கேட்டாள்.

2023இல் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியத் தாள்களோடு பணிப்பதிவேட்டைத் திறந்த பையன் முதல் பக்கத்தைப் படித்தான். "சார், இடது கன்னத்துல தழும்புன்னு இருக்கே, எங்க?" நான் ஜன்னல் பக்கம் போய், வெயில் பக்கவாட்டில் விழும்படி முகத்தைத் திருப்பினேன். எட்டிப் பார்த்தான். "இருக்கு, இருக்கு" என்று டிக் அடித்தான். செலவழித்த பணம் வீணில்லை என்பதற்கும், முழுதாகப் போகவில்லை என்பதற்கும் அரசாங்கச் சான்று கிடைத்துவிட்டது.

வீட்டில் பதினாறு வயசுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பரு பெரிதாக, வலியோடு, முடிச்சு முடிச்சாக வந்தால் கல்யாணத்துக்குக் காத்திருக்காதீர்கள். அப்போதே தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்போது களிம்பும் மாத்திரையும் போதும். பின்னால் ஊசி, அமிலம், கத்தி, லேசர் எல்லாம் வேண்டியிருக்கும். அங்க அடையாளத்துக்கு எழுத மச்சம் இருக்கிறது.