மருமவன் வாங்கின கண்ணாடிப் பெட்டி

ஏலே மருமவனே, கம்ப்யூட்டர் வாங்கிட்டியாம்ல! ஒங்கம்மா போன்ல சொன்னா. எங்க அக்காவுக்குப் பெருமை தாங்கல. "கண்ணாடி வச்ச பெட்டி, உள்ள கலர் கலரா லைட்டு எரியுது"ங்கா. எரியட்டும். லைட்டு எரிஞ்சா டாலியில கணக்கு சீக்கிரமா கூட்டிரும்னு கடைக்காரன் சொல்லியிருப்பான், நீயும் தலையாட்டியிருப்ப. ஒன் கணக்குப்பிள்ளை வேலைக்கும், ஒம் பிள்ளையோட ஒம்பதாங் கிளாஸ் பாடத்துக்கும் அவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். வாங்கியாச்சு, இனி கேட்டு என்ன ஆகப் போவுது?

இட்லி சுட்டவனுக்கு இதுல என்ன பேச்சுன்னு நெனைப்ப. நெனைச்சுக்க. சங்கரன்கோயில் பக்கம் பருத்திக் காட்டுல கெடந்தவன்தான் நான். செகந்திராபாத் வந்து கடை போட்டது பார்க்லேன்ல. அங்கனதான் செனாய் டிரேட் சென்டர் நிக்கி, ஊரே சிடிசி, சிடிசின்னு ஓடுதே, அந்தக் கட்டடம். புதுப் பெட்டி வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போறவனும், அதே பெட்டியத் தூக்கிக்கிட்டு ரிப்பேருக்கு வாறவனும் நம்ம பெஞ்சுல ஒக்காந்துதான் சாம்பார் ஊத்திக்கிட்டான். நான் கரண்டியக் கையிலயும் காதை அவன் பக்கமும் வச்சிருந்தேன். அவ்வளவுதாம்ல நம்ம படிப்பு.

நீ குடியிருக்க இந்த ஹைதராபாத் லேசுப்பட்ட ஊரு இல்ல. ஈசிஐஎல் கிராஸ்ரோடுன்னு பஸ் போர்டுல பாத்திருப்ப. அது 1967-ல அணுசக்தித் துறைக்கு கீழ ஆரம்பிச்ச கம்பெனி. 1969-லயே டிடிசி-12னு நம்ம நாட்டுக் கம்ப்யூட்டர் ஒண்ணைச் செஞ்சு வெளிய விட்டாவ. 1998-ல மாதாப்பூர் சைபர் டவர்ஸை வாஜ்பாய் வந்து தொறந்தாரு. அதே வருசம் மைக்ரோசாப்ட்டும் இந்த ஊர்ல வந்து ஒக்காந்துச்சு. இப்ப அந்தக் கம்பெனிக்குத் தலைவரு சத்யா நாதெள்ளா, நம்ம பேகம்பேட் பப்ளிக் ஸ்கூல்ல படிச்ச பிள்ள. இம்புட்டும் நடந்த ஊர்ல ஒக்காந்துக்கிட்டு, நீ மூணு பின் பிளக்குல எர்த் பின்னை ஒடிச்செறிஞ்சுட்டு ரெண்டு ஓட்டை எக்ஸ்டென்சன் போர்டுல சொருகி வச்சிருக்கியாமே! தொட்டா ஜிவ்வுனு இழுக்குன்னு ஒங்கம்மா சொன்னா. "புது மிசினு, சக்தி ஜாஸ்தி"ன்னு நீ வெளக்கம் வேற குடுத்தியாம்.

சக்தி இல்லலே, கசிவு. பெட்டிக்குக் கரண்டு பிரிச்சுக் குடுக்குதே எஸ்எம்பிஎஸ், அதுக்குள்ள ஒரு பில்டர் இருக்கு. அதுல இருந்து எப்பவும் கொஞ்சூண்டு கரண்டு எர்த்துக்குப் போய்க்கிட்டே இருக்கும். போற வழிய நீ ஒடிச்சுட்ட, அது எங்க போகும்? இரும்புப் பெட்டியில ஏறி நிக்கும், நீ தொட்டா ஒன் வழியா எறங்கும். அந்த எர்த் பின்னை மத்த ரெண்டையும் விடத் தடிமனா, நீளமா வச்சிருக்கான் பாரு, சொருகும்போது மொதல்ல எர்த்து சேரணும், உருவும்போது கடைசியா விடணும்னுதான் அப்படி. மொதல்ல எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்தச் சுவத்துல எர்த்து நெசமாவே வருதான்னு பாக்கச் சொல்லு. வாடகை வீட்டுல மூணு ஓட்டை இருக்கும், மூணாவது ஓட்டைக்குப் பின்னால வயரே இருக்காது.

யுபிஎஸ் வாங்கினயா? 600 விஏன்னு போட்டிருக்கதைப் பாத்து 600 வாட்டுன்னு நெனைச்சுராத. சுமாரா 360 வாட்டுதான் தாங்கும். அதுவும் எதுக்குன்னா, கரண்டு போனதும் எழுதினதை சேவ் பண்ணிட்டு ஒழுங்கா ஆஃப் பண்றதுக்கு. மீதிப் படம் பாத்து முடிக்கறதுக்கு இல்ல. லேசர் பிரிண்டரை அதுல மாட்டாத, அது சூடேறும்போது இழுக்க இழுப்புக்கு யுபிஎஸ் அழுதுரும். ஜூன் மாசம் இடி இடிச்சா பிளக்கை மட்டும் உருவுனா போதாது. மொட்டை மாடியில இருந்து தொங்குதே நெட்டு வயரு, அதையும் உருவு. இடி எந்த வாசல் வழியா வரும்னு அதுக்கே தெரியாது.

பெட்டிக்குப் பின்னால எஸ்எம்பிஎஸ் பக்கத்துல ஒரு சின்ன சுவிட்சு இருக்கும், ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் முட்டை. முட்டைப் பக்கம் அமுங்கியிருந்தா என்ன குட்டிக்கரணம் போட்டாலும் மிசின் எந்திரிக்காது. அதைக் கோட்டுப் பக்கம் தட்டிவிடறதுக்கே ஆள் வரவச்சுக் காசு குடுத்த மகராசனுங்க நம்ம கடையில நெறைய பேரு. இன்னொரு கூத்து மானிட்டர் வயரு. எச்டிஎம்ஐ மாட்ட ரெண்டு எடம் இருக்கும். மேல மதர்போர்டுல ஒண்ணு, கீழ கிராபிக்ஸ் கார்டுல ஒண்ணு. நீ மேலதான் மாட்டியிருப்ப, கைக்கு எட்டுதுல்லா? அப்போ காசைக் கொட்டி வாங்கின கார்டு உள்ள சும்மா லைட்டு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும். ஒம் பிராசசர் பேரு 'எஃப்'புல முடிஞ்சா திரையில ஒரு புள்ளியும் வராது. நீ கடைக்காரனை வைவ, அவன் சிரிப்பான்.

இனிமேதான் பெரிய கச்சேரி. மொத மொத ஆன் பண்ணினதும் அது மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ள கணக்கா ஆரம்பிக்கும். தண்ணி வேண்டாம், காப்பி வேண்டாம்னு அடக்கமா இருக்கும், ஆனா வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னு நைசா கேக்கும். எந்த நாடு, எந்த கீபோர்டு, ஒம் பேரு என்ன, வைஃபை பாஸ்வேர்டு என்ன. விண்டோஸ் 11 ஹோம்னா நெட்டும் வேணும், மைக்ரோசாப்ட் அக்கவுண்டும் வேணும், இல்லாம உள்ள விடாது. பெறவு ஒரு பக்கம் நெறைய கேள்வி வரும். எல்லாத்துக்கும் 'ஆமா'ன்னு அதுவே டிக் போட்டு வச்சிருக்கும். நீ பாட்டுக்கு 'சரி, சரி'ன்னு அமுக்கிட்டுப் போவ, தாலி கட்டும்போது மந்திரம் சொன்ன மாதிரியே.

நில்லு, வாசி. நீ எங்க இருக்கேன்னு கேக்கும். பெட்டி தொலைஞ்சா தேடித் தரட்டுமாங்கும். பத்மாராவ் நகர்ல லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில இருந்து அதைத் தூக்கிட்டுப் போறவனுக்கு நானே கூலி குடுக்கேன், அதை ஆஃப் பண்ணு. நீ என்னென்ன சைட்டுக்குப் போற, என்னென்ன பயன்படுத்துதங்கற வெவரத்தைக் கூடுதலா அனுப்பட்டுமாங்கும். அத்தியாவசியமானதை நீ என்ன சொன்னாலும் அனுப்பத்தான் செய்யும், கூடுதலை நிறுத்து. நீ தட்டுறதையும் எழுதுறதையும் அனுப்பட்டுமாங்கும். ஒனக்குன்னு யோசனை சொல்லட்டுமாங்கும். விளம்பரத்துக்கு ஐடி தரட்டுமாங்கும். ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணிட்டு வா. ஒரு மிசினும் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனதா நான் கேள்விப்படல.

அதோட விட்டுச்சா? ஆபீஸ் சாப்ட்வேர் ஒரு மாசம் சும்மா தாரேன், கார்டு நம்பரை மட்டும் குடுங்கும். கேம் விளையாடச் சந்தா கட்டுங்கும். 'நக்கோ'ன்னு ஹைதராபாத்திக் கணக்கா சொல்லிட்டுத் தாண்டு. ஒன்டிரைவ்ல 5 ஜிபி எலவசம்னு சொல்லி ஒன் டெஸ்க்டாப், டாக்குமெண்ட், போட்டோ எல்லாத்தையும் மேல ஏத்தட்டுமான்னு கேக்கும். ஏத்தினா கல்யாண போட்டோவுலயே 5 ஜிபி நெறைஞ்சுரும். அப்புறம் எடம் பத்தல, காசு கட்டுன்னு வந்து நிக்கும். வேணும்னா யோசிச்சு ஏத்து, வேண்டாங்கல. அது கேட்டதுக்காக ஏத்தாத.

500 ஜிபி டிஸ்க்குனு வாங்கிட்டு வந்தேன், 465தான் காட்டுது, கடைக்காரன் 35 ஜிபியத் திருடிட்டான்னு நீ சண்டைக்குக் கெளம்புவ. கெளம்பாத. டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமாக் கணக்கு போடுதான், விண்டோஸ் 1024, 1024ஆக் கணக்கு போடுது. ரெண்டு பேர் படியும் வேற வேற. இந்த ஒரு விசயத்துல கடைக்காரன் யோக்கியன்.

ஆனா ஒரு நம்பர் மட்டும் நெஞ்சுல குத்திக்க. புது விண்டோஸ் 11 மிசின் நெறைய, ஒன்னைக் கேக்காமலே டிஸ்க்கைப் பூட்டிரும். அதுக்குச் சாவி 48 இலக்கம். அது ஒன் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டுல போய் ஒக்காந்திருக்கும். என்னைக்காவது மதர்போர்டை மாத்தினா, இல்ல பயாஸ்ல எவனாவது கைய வச்சா, நீலத் திரையில 'சாவியக் குடு'ன்னு நிக்கும். அந்த அக்கவுண்ட்டு பாஸ்வேர்டு ஒனக்கு மறந்திருக்கும், மெயிலு பழைய போன் நம்பர்ல இருக்கும். ஒங்க ஜாதகமே பரண்ல எங்க கெடக்குன்னு ஒங்கம்மாவுக்குத் தெரியாது, இந்த 48-ஐயாவது நோட்டுல எழுதிப் பீரோவுல வை.

வைரஸ்காரன் சங்கதி. விண்டோஸோடயே டிபெண்டர் வருது, வீட்டுக்கு அது போதும். கடையிலயே போட்டுத் தந்த எலவச ஆன்டிவைரஸ் கொஞ்ச நாள் கழிச்சு 'ஆபத்து, ஆபத்து'ன்னு மெரட்டும், எடுத்துத் தூரப் போடு. தெருமுனையில எவனாவது 'ஒரிஜினல் எதுக்கு அண்ணா, நான் ஆக்டிவேட் பண்ணித் தாரேன்'னு வந்தா, அந்த ஆக்டிவேட்டருக்குள்ளதான் திருடன் குடியிருக்கான். பழைய மிசினுக்கு விண்டோஸ் 10 போட்டுத் தாரேன்னா அதுவும் வேண்டாம், 2025 அக்டோபர் 14-ஓட அதுக்குக் கணக்கு முடிஞ்சுது. திரை முழுக்கச் செவப்பா 'ஒங்க கம்ப்யூட்டர்ல வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு வந்தா மைக்ரோசாப்ட்காரன் இங்கிலீஷ்ல பேசுதானேன்னு மெய்மறந்துராத. நெசமான மைக்ரோசாப்ட்காரன் அப்படிப் போன்ல பேசவே மாட்டான். அப்படிப் பேசுற போலி கால் சென்டருங்களை இதே ஊர்ல போலீஸ் பிடிச்சிருக்கு. ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படு. காசு போச்சுன்னா மட்டும் படுக்காத, சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்கு உடனே அடி. நேரம் போகப் போக அந்தக் காசு அக்கவுண்ட் மாறிப் போய்க்கிட்டே இருக்கும்.

பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட்டு போடு. அட்மின் நீ வச்சுக்க. வீட்டுல ஒனக்கு ஒரு அதிகாரமாவது இருக்கட்டும்.

தமிழ்ல தட்டணும்னு கேட்டாளாம்ல எம் பேத்தி. செட்டிங்ஸ்ல மொழிக்குப் போனா தமிழ் 99 இருக்கு, தனியா எதுவும் வாங்க வேண்டாம். 1999-ல சென்னையில தமிழ்நெட் மாநாடு கூட்டி முடிவு பண்ணின கீபோர்டு அது. தெலுங்கு ஊர்ல படிக்கிற பிள்ள, அதுவே பழகிக்கிடட்டும். நீ கணக்கு எழுதறதுக்கு இங்கிலீஷ் இந்தியா கீபோர்டை வச்சுக்க. வலது ஆல்ட்டை அமுக்கி 4-ஐத் தட்டினா ரூபாய்க் குறி விழும். 2010-ல நம்ம உதயகுமார் வரைஞ்சு குடுத்த குறி, தமிழ்ப் பிள்ள. இனியும் 'ஆர்எஸ்' போட்டுக்கிட்டு இருக்காத.

கடைசியா பில்லு. 'பில் வேண்டாம்னா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்'னு எவனாவது சொன்னானா, நீ பல்லைக் காட்டினியா? காட்டியிருந்தா வாரண்டிக்கு அந்தப் பல்லைத்தான் கொண்டு போகணும். திரும்பப் போயி பில்லு போட்டு வாங்கு, மானிட்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் தனித்தனியா.

எல்லாம் ஏத்தி முடிச்சதும் இன்னொரு பிரதி வெளிய இருக்கணும். உள்ள இருக்க டிஸ்க் போற நாளை எந்த ஜோசியனும் குறிச்சுத் தர மாட்டான். தாய்மாமன் நான் இருக்கேன், விட்டுருவேனா? ஞாயித்துக்கிழமை வாறப்போ 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு மாமன் சீரா வாங்கிட்டு வாரேன். நாட்டுக்கோழி அடிக்கச் சொல்லு. டிஸ்க்குக்கு ஜிஎஸ்டி பில்லு ஒம் பேர்லயே போட்டு வாங்கிருதேன். ரூபாயை வந்ததும் எங்கையில குடுத்துரு.