இரும்புக்கை துருப்பிடிக்கும் ஊரில்

(பழைய காமிக்ஸ் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் பதில். கிரிக்கெட், கூட்டணி, மாப்பிள்ளை ராசி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.)

கே: இரும்புக்கை உள்ளவர்தான் மாயாவி என்கிறேன். இல்லை, முகமூடியும் மண்டையோட்டு மோதிரமும் போட்டவர்தான் மாயாவி என்கிறான் என் மச்சான். டீக்கடையில் பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி? (திருக்கழுக்குன்றம் வாசகர்)

ப: இரண்டு டீக்கும் டீக்கடைக்காரரே காசு போட வேண்டியதுதான், ஏனென்றால் இருவர் சொல்வதும் சரி. சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி', 1972 ஜனவரி. அவர் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் பிறந்தவர். அங்கே பெயர் லூயிஸ் கிராண்டெல். தினத்தந்தி குடும்பத்து ராணி காமிக்ஸோ, லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபேன்டமுக்கு 'முகமூடி வீரர் மாயாவி' என்று பெயர் வைத்துவிட்டது. அதே ஃபேன்டம் வேறு பதிப்பகத்தில் வேதாளர். ஆளுக்கு ஒரு ரேஷன் கார்டு போல, பதிப்பகத்துக்கு ஒரு பெயர். மச்சான் ராணி வீட்டுப் பிள்ளை, நீங்கள் முத்து வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.

கே: கரண்ட் போனால் இரும்புக்கை மாயாவி என்ன செய்வார்? (செய்யூர்)

ப: நம்மைப் போலத்தான். மறைய அவருக்கு மின்சாரம் வேண்டுமே. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தபடி வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கே: 'முத்து காமிக்ஸ் முதல் இதழ், ஒரிஜினல்' என்று ஒருவர் என்னிடம் விற்க வந்தார். ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்? (செங்கல்பட்டு)

ப: அட்டையை அல்ல, முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க பின்கோடு இந்தியாவுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். ஜனவரியில் அச்சான புத்தகத்தில் ஆகஸ்டில் பிறந்த எண் எப்படி இருக்கும்? இருந்தால் அது மறுபதிப்பு. மறுபதிப்பு குற்றமில்லை. 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் அவர்களே நேர்மையாகப் போட்டார்கள். அதை முதல் பதிப்பு விலைக்குத் தள்ளுவதுதான் வம்பு.

அடுத்தது எழுத்து. 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை வளைவோடு இருந்த காலம் ஒன்று உண்டு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகு தும்பிக்கை போயிற்று. 72 என்று சொல்லி நீட்டும் புத்தகத்தின் உள்ளே புது எழுத்து முழுக்க ஓடினால், கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஆனால் இதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தும்பிக்கை இருந்தாலே 78க்கு முந்தியது என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆணை வந்த மறுநாளே பழைய ஈய எழுத்தை எடைக்குப் போட எந்த அச்சகத்துக்கும் மனசு வரவில்லை.

மூன்றாவது, மாவட்டம். சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு காமராஜர் மாவட்டம், அப்புறம் விருதுநகர். நம் ஊரும் லேசுப்பட்டதில்லை. வாடகை நூலக முத்திரையில் 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று ஊதா மையில் இருந்தால், அந்தப் புத்தகம் 1997க்கு முன்பே கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த வருஷம் மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தார்கள். செங்கல்பட்டு மறுபடி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். மாவட்டம் பிரிக்கும்போதெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரருக்கு வேலை, 20 வருஷம் கழித்து நமக்குத் துப்பு.

கே: அட்டை போச்சு, முதல் நாலு பக்கமும் போச்சு. எந்த இதழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுராந்தகம்)

ப: கதையை விட்டுவிட்டு விளம்பரத்தைப் படியுங்கள். 'அடுத்த வெளியீடு' என்று ஒரு பெயர் இருக்கும். வரிசைப் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து, ஓர் எண் பின்னால் வந்தால் உங்கள் புத்தகம் நிற்கும். ஆனால் அறிவித்தபடியே இதழ் வந்ததா என்பது தனி ஆராய்ச்சி. தமிழ்க் காமிக்ஸ் வாசகனுக்குப் பொறுமையைக் கற்றுக் கொடுத்ததே அந்த அறிவிப்புகள்தான். அதுவும் கைகொடுக்காவிட்டால் வாசகர் கடிதப் பக்கம். எந்தக் கதையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்களோ, அது ஓரிரு மாதம் முந்தைய இதழ்.

கே: மாமல்லபுரம் அர்ஜுனன் தபசுதான் உலகின் முதல் காமிக்ஸ் என்று எங்கள் ஊர் கைடு சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? (மாமல்லபுரம்)

ப: கைடு பிழைப்பில் நான் மண் போட மாட்டேன். ஆனால் ஒன்று: அது அர்ஜுனன் தவமா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அட்டை கிழிந்த காமிக்ஸின் கதி ஏழாம் நூற்றாண்டிலிருந்தே இதுதான். என்னைக் கேட்டால், ஒற்றைக் காலில் நின்று பொய்த் தவம் செய்யும் அந்தப் பூனையும், அதைச் சுற்றி நம்பி நிற்கும் எலிகளும் ஒரு கட்டத்துக்குள் முடிந்துவிட்ட முழு நகைச்சுவைக் கதை. பல்லவச் சிற்பிக்கு வசன பலூன் தேவைப்படவில்லை. சேகரிப்பாளனுக்கு ஒரே குறை, பாலிதீன் கவரில் போட முடியாது.

கே: கடலோர வீடு. வருஷா வருஷம் புத்தகம் பழுப்பாகிறது, பின் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது? (கல்பாக்கம்)

ப: இந்தக் கேள்விக்காகவே ஒரு புத்தகத்தை மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ராணி காமிக்ஸின் முதல் இதழ், 'அழகியைத் தேடி', 1984 ஜூலை 1, விலை ஒன்றரை ரூபாய், ஜேம்ஸ்பாண்ட். நடுவில் இரண்டு பின். இரண்டும் இப்போது பின் இல்லை, செம்மண் நிறத்தில் இரண்டு கோடு. அந்தத் துரு காகிதத்துக்குள் ஊறி, ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, எட்டாவது தாளில் தேமல் மாதிரி நிற்கிறது. பாண்டை எந்த வில்லனும் தொட முடியவில்லை, உப்புக் காற்று தொட்டுவிட்டது.

முதல் வேலை, பின்னைக் கழற்றுவது. இழுக்காதீர்கள், காகிதம் பிய்ந்து வரும். பின்னின் மடங்கிய கால்களை நகத்தாலோ மழுங்கிய கத்தி முனையாலோ மெல்ல நிமிர்த்தி, மறுபக்கமாக வெளியே தள்ளுங்கள். அதே ஓட்டைகளில் வெள்ளை நூல் கோத்துத் தளர்வாக முடிச்சுப் போடுங்கள். நூல் துருப்பிடிக்காது.

காகிதம் பழுப்பாவதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். அது நியூஸ்பிரிண்ட். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகிக்கொண்டே போகும். அதனால் இருட்டும் காய்ந்த இடமும். புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் புத்தகப் பெட்டிக்குள் போடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு. பாட்டி ஏட்டுச் சுவடிக்குச் செய்தது காமிக்ஸுக்கும் பலிக்கும். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து கறை மட்டும் நிற்கும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. லேமினேஷன் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். பெட்டி தரையில் இருக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கே: 45 வயசில் பொம்மைப் புத்தகமா என்று மாமனார் கேலி செய்கிறார். (கூடுவாஞ்சேரி)

ப: காலையில் தினத்தந்தி வந்ததும் மாமனார் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்புகிறார் என்று பாருங்கள். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு 20 ஆயிரம் நாளைத் தாண்டிவிட்டது. சிந்துபாத் கரை சேர்கிறானா என்று அவர் பார்த்து முடித்ததும் இந்தக் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேளுங்கள்.

கே: அமெரிக்காவில் ஒரு காமிக்ஸ் கோடிக்கணக்கில் விற்றதாமே? என் பரண் மேல் இருப்பதும் ஒருநாள் விற்குமா? (சிங்கப்பெருமாள் கோவில்)

ப: 1938இல் 10 சென்டுக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், சூப்பர்மேன் அறிமுகமானது, 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அங்கே இதழின் நிலைக்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுக் கொடுக்கவே கம்பெனிகள் இருக்கின்றன. பெட்டியைத் திறந்து படித்தால் மதிப்பு போச்சு. இங்கே அப்படி ஊரறிந்த விலைப் பட்டியல் கிடையாது. விற்பவர் முகமும் வாங்குபவர் ஆசையும் சேர்ந்து போடுவதுதான் விலை. பரணை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். படிக்க முடியாத காமிக்ஸ் எனக்கு வேண்டவே வேண்டாம், அது பூட்டிய ஹார்மோனியம்.

கே: இப்போதும் பழைய இதழ் எங்கே கிடைக்கும்? (பாலூர்)

ப: ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன்: மூர் மார்க்கெட். செங்கல்பட்டில் மின்ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, நடந்தால் சொர்க்கம். 1985 மே 30 தீயில் அது போயிற்று. என்னென்ன இதழ் அதில் சாம்பலானதோ என்று இன்றும் சில ராத்திரி யோசிப்பேன். இப்போது திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, பொங்கலை ஒட்டிய சென்னை புத்தகக் காட்சி, அதைவிட முக்கியமாக உங்கள் தெருப் பழைய பேப்பர் கடை. கடைக்காரரிடம் 'காமிக்ஸ்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழைய வார இதழ் தேடுகிற மாதிரியே குனிந்து தேடுங்கள். 'பூந்தளிர்' கையில் பட்டால் கட்டோடு வாங்குங்கள்; வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பத்திரிகை அது, கபீஷ் குரங்கு வால் நீட்டிக்கொண்டு உள்ளே இருக்கும்.

கே: லயன் காமிக்ஸின் முதல் கதாநாயகன் யார்? (அச்சரப்பாக்கம்)

ப: நாயகன் இல்லை, நாயகி. 1984 ஜூலையில் 'கத்தி முனையில் மாடஸ்டி'. ராணியும் அதே மாதம். பிறந்த மாதம் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் எடுக்கும்போது குழம்பும்.

கே: அப்பா காலமாகி ஒரு வருஷம். டிரங்குப் பெட்டி நிறைய அவர் சேர்த்த காமிக்ஸ். வீடு மாறுகிறோம், எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாள் அக்கா. (வாசகி, செங்கல்பட்டு)

ப: அக்காவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவகாசம் கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர், எண், தேதி, விலை, எந்தப் பக்கம் இல்லை என்பதை எழுதுங்கள். அக்காவையே எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது புத்தகத்தில் பேனாவை வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பிப்பாள். அதற்குப் பிறகும் இடமில்லை என்றால், சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர், ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய அச்சுத்தாளையெல்லாம் விடாமல் சேர்த்ததால் உண்டான நூலகம். ஏற்பார்களா என்று பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

எனக்கும் ஓர் உதவி. மேஜையில் இருக்கும் இந்த 'அழகியைத் தேடி'யில் கடைசித் தாள் இல்லை. எனக்கு முன்னால் வாடகைக்கு எடுத்த யாரோ கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பாவின் பெட்டியில் அந்த இதழ் இருந்தால், கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் அம்மா.