தக்காளிப் பெட்டியின் பொருளியல்

குடும்ப வேளாண்மை என்பது, முதலாளியும் தொழிலாளியும் காவலாளியும் கணக்கரும் ஒரே வீட்டில் குடியிருந்து, அவர்களுள் ஒருவருக்கும் சம்பளம் தரப்படாமல் நடைபெறும் தொழில் என்று வரையறுக்கத்தக்கது. இத்தொழிலின் விளைபொருள்களுள் லாபமும் ஒன்று என்று பொருளியல் நூல்கள் கூறுகின்றன. ஆயினும், திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை நம்பியிருக்கும் ஊர்களில், ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று ஒவ்வொரு பயிருக்கும் விதைப்புப் பருவம் வகுத்துவைத்த முன்னோர்கள், லாபத்துக்குரிய பட்டம் எது என்பதை மட்டும் சொல்லாமலேயே போய்விட்டனர்.

இவ்வாய்வுக்குத் தக்காளியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நெல் மூட்டையில் காத்திருக்கும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், காற்றோட்டமாகப் படல் கட்டி மேலே கூரை வேய்ந்த பட்டறை என்னும் சேமிப்பு அமைப்பில், விலை ஏறும்வரை சில மாதங்கள் பொறுத்திருக்கும். தக்காளியோ சிவந்த மறுகணமே தன் உரிமையாளருக்குக் கெடு வைத்துவிடுகிறது. பேரம் பேசும் ஆற்றல் என்று அறிஞர்கள் குறிப்பிடுவது, இங்கே பழத்தோலின் கனத்தைப் பொறுத்ததாகவே அமைகிறது. இதனை உணர்ந்த விவசாயி, முழுதும் பழுக்காத செங்காய்ப் பருவத்திலேயே பறித்து ஓரிரு நாள்களைச் சம்பாதிக்கிறார். அந்நாள்களைக் கேரளத்தில் பெய்யும் மழை வாங்கிக்கொள்கிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்கறியில் பெரும்பகுதி அம்மாநிலத்துக்கே செல்வதால், அங்கே சாலையில் வெள்ளம் நின்றால் இங்கே லாரி நிற்கும். லாரி நின்றால் விலை படுத்துவிடும்.

சந்தையின் மைய நிறுவனம் கமிஷன் மண்டி ஆகும். விவசாயியின் சரக்கைத் தான் வாங்காமல், பிறர் வாங்குமாறு ஏலம் கூறி, அந்தச் சேவைக்காக விற்ற தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் கடை அது. நூற்றுக்குப் பத்து என்பது பல மண்டிகளில் நிலவும் வழக்கம். பயிர்ச்செலவுக்கு முன்பணம் கொடுப்பதும் பெரும்பாலும் அதே கடைதான் என்பதால், வேறு மண்டிக்குச் சரக்கைக் கொண்டுசெல்லும் சுதந்திரம் விவசாயிக்குச் சட்டப்படி உண்டு, கடன்படி இல்லை. ஏலத்தின்போது நிகழும் அறிவுப்போர் தனியே ஆராயத்தக்கது. பெட்டியின் மேலடுக்கில் பெருங்காய்களை அடுக்குவது விவசாயியின் மரபு. அதை அறிந்த வியாபாரி, மேலே பார்க்காமல் கையை அடிவரை விட்டு ஒரு காயை எடுத்துப் பார்ப்பார். அதையும் அறிந்த விவசாயி, அடியிலும் நல்ல காய்களையே வைப்பார். ஆகவே பொடிக்காய்கள் அனைத்தும் நடு அடுக்கில் பத்திரமாகப் பயணம் செய்கின்றன. இருதரப்பாருக்கும் இது தெரியும் என்பதாலும், விலை கூறும்போதே வியாபாரி அதற்கும் சேர்த்துக் குறைத்துவிடுவதாலும், இப்போரில் வென்றவர் எவருமில்லை.

ஏலம் முடிந்ததும் கையில் தரப்படும் துண்டுச்சீட்டைச் சிட்டை என்பர். கற்பனையாக ஒரு சிட்டையைப் பார்க்கலாம். பெட்டிக்குச் சுமார் 14 கிலோ வீதம் 30 பெட்டிகள், பெட்டி 100 ரூபாய்க்குப் போனால் வரவு 3,000 ரூபாய். இதில் கமிஷன் 300, வண்டி வாடகை 750, இறக்குக்கூலி 150 போக, சிட்டையில் 1,800 மிஞ்சும். காய் பறித்த நான்கு பெண்களுக்குத் தலைக்கு 350 வீதம் 1,400 கொடுத்தபின், மீதம் 400 ரூபாய். நாற்று, உரம், மருந்து, செடிக்கு ஊன்றிய குச்சி, கட்டிய சணல் ஆகியவை இந்த 400 ரூபாயை எதிர்பார்த்து வரிசையில் நிற்கின்றன. அதே பெட்டி 80 ரூபாய்க்குப் போனால், விற்ற குற்றத்துக்காக விவசாயி 140 ரூபாய் கைநட்டம் கட்ட வேண்டும். அத்தகைய நாள்களில் தோட்டத்தில் ஆட்டை அவிழ்த்துவிடுவதைச் செய்தித்தாள்கள் விரக்தி என்று எழுதுகின்றன; கணக்கின்படி அது நட்டத்தைத் தவிர்க்கும் தெளிவான நிர்வாக முடிவு. ஆடு கமிஷன் பிடிப்பதில்லை, அடியில் கைவிட்டுப் பார்ப்பதுமில்லை.

விலையின் இந்த ஏற்ற இறக்கத்தை விளக்கும் கோட்பாட்டுக்குப் பொருளியலில் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர். நிக்கலஸ் கால்டர் 1934இல் இப்பெயரை இட்டார். மோர்டெகாய் எசகியேல் 1938இல் இதனை விரிவாக விளக்கினார். இன்றைய விலையைப் பார்த்து இன்று நடப்படும் பயிர், வேறொரு நாளின் விலைக்குத்தான் விற்கப்படுகிறது என்பதும், எல்லோரும் ஒரே விலையைப் பார்த்து நட்டால் அந்த விலை இருக்காது என்பதும் இதன் சாரம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தபோது, குழித்தட்டு நாற்றுக்கு ஏற்பட்ட கிராக்கியைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஓரிரு மாதங்களில் வரத்து பெருகி விலை சரிந்தது. தேற்றத்தை ஒவ்வொரு விவசாயியும் அறிவார். பக்கத்துக் காட்டுக்காரர் அதை அறிந்து நடாமல் இருந்துவிடுவார் என்று நம்பித்தான் அவர் நடுகிறார். பக்கத்துக் காட்டுக்காரரும் அதே நம்பிக்கையில் நடுகிறார்.

பரிகாரங்களுக்குக் குறைவில்லை. மதுரை அண்ணாநகரில் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்ட உழவர் சந்தை, இடைத்தரகு இல்லாமல் விவசாயியே நுகர்வோருக்கு விற்கும் இடமாகும். அது உண்மையிலேயே பயனுடையது. ஆனால் விடியுமுன் பறித்து, பேருந்து பிடித்து, தராசுக்குப் பின்னால் அமர்ந்து, அரைக்கிலோவுக்கு மேல் இரண்டு பழம் கொசுறு கேட்பவர்களிடம் சிரித்த முகத்தோடு பேசிவிட்டு, பத்து மணிக்குள் வயலுக்கும் திரும்ப வேண்டும் என்பதால், இரண்டு உடல்கள் உள்ள விவசாயிக்கே அது முழுப்பயன் தரும். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையில் அதில் இணைந்த சந்தைகளின் விலையைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பார்த்தபின் பெருமூச்சு விடுவதற்குக் கட்டணம் இல்லை. மதிப்புக்கூட்டல், அதாவது விளைபொருளைப் பதப்படுத்திக் கூடுதல் விலைக்கு விற்றல், பயிற்சி முகாம்களில் தவறாமல் பரிந்துரைக்கப்படுகிறது; தக்காளியைச் சாஸ் ஆக்கலாம் என்பது உண்மையே. சந்தைக்கென வளர்க்கும் வீரிய ஒட்டு ரகங்களில் சதையைவிட நீரே மிகுதி என்பதும், பாட்டிலும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் தேவை என்பதும், தக்காளி விற்கத் தெரியாதவர் சாஸ் விற்க மட்டும் எங்கே கற்றார் என்பதும் மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வுக்கு ஒத்திவைக்கப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் குடும்பப் பண்ணைகள் மூடப்படாதிருப்பது எப்படி என்பதே முதன்மையான வினா. விடை, 1965இல் தோன்றி இன்று வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் என்னும் பெயரில் இயங்கும் அமைப்பின் கணக்குமுறையில் இருக்கிறது. கையைவிட்டுப் போன செலவு ஒரு படி. அதனுடன் வீட்டார் உழைப்புக்குக் கற்பிக்கப்படும் கூலியைச் சேர்த்தால் அடுத்த படி. சொந்த நிலத்துக்கு வாடகையும் சொந்த முதலுக்கு வட்டியும் சேர்த்தால் அதற்கும் மேலான படி. ஆணையம் தக்காளிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை பரிந்துரைப்பதில்லை என்றாலும், இம்முறையை வீட்டு நோட்டில் பொருத்திப் பார்த்தால் உண்மை வெளியாகிறது. உரக்கடைப் பாக்கி எழுதப்பட்டிருக்கும். இரவில் முறைத்தண்ணீர் பாய்ச்சிய தந்தைக்கும், களையெடுத்த தாய்க்கும், கல்லூரி விடுமுறையில் மருந்தடித்த மகனுக்கும் உரிய பத்தி வெறுமையாகவே இருக்கும். பண்ணையின் லாபம் என்பது பெரும்பாலும் அந்த வெற்றுப் பத்திதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி இதனை முன்பே கண்டறிந்து, கணக்குப் பார்க்காமல் இருப்பதே நலம் என்ற நிதி ஆலோசனையையும் குறிப்பாக வழங்கிவிட்டது.

தொழுவத்தில் கட்டியிருக்கும் மாடு இவ்விடத்தில் தனிக் கவனத்துக்குரியது. பாலின் கொள்முதல் விலை கறப்பதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருக்கிறது. பால் சங்கத்தில் தவணை தவறாமல் பணம் எதிர்பார்க்கலாம். தக்காளி ஈட்டுவதாகச் சொல்லப்படும் கௌரவத்தைப் பல வீடுகளில் மாடுதான் காப்பாற்றுகிறது. நகைக்கடன் வட்டியை மாடு கட்டுகிறது. ஊரில் கேட்டால் அவ்வீட்டுக்காரர் தக்காளி விவசாயி. அந்த வெற்றுப் பத்தியை ஒரே ஓர் ஆண்டு நிரப்பிப் பார்த்தால், எப்பயிர் வீட்டைச் சுமக்கிறது, எதனை வீடு சுமக்கிறது என்பது விளங்கிவிடும்; மொத்தப் பரப்பையும் ஒரே நாளில் நடாமல் தவணை தவணையாக நடுவதா, தக்காளியை அரை ஏக்கரோடு நிறுத்துவதா என்ற முடிவும் எளிதாகும். அரசாணையோ மானியமோ தேவைப்படாத சீர்திருத்தம் இது. இதற்கு ஒரே தடை, பகலெல்லாம் காட்டில் நின்றுவிட்டு இரவு உட்கார்ந்து அக்கணக்கை எழுதப்போகிறவரும் வீட்டாருள் ஒருவரே என்பதுதான். அவருக்குரிய கூலியையும் அதே பத்தியில் சேர்த்தாக வேண்டும்.