நானும் ஒரு ஹவுஸ் ஓனர்

கிள்ளையில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. நான் குடியிருப்பது சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்காத ஆளை இதுவரை நான் பார்க்கவில்லை.

2018-இல் புரோக்கர் ஒருவர் என்னை வயல் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். "பிச்சாவரம் போற டூரிஸ்ட் எல்லாம் இந்த வழிதான் சார். நாளைக்கு வந்தா இந்த விலை இருக்காது." கத்திரிக்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்குகிற நான், எட்டு லட்ச ரூபாய் மனையை இருபது நிமிடத்தில் முடித்தேன். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எத்தனை குழி தம்பி?" என்றார். இந்தப் பக்கத்துக் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. என் 2,400 சதுர அடி பதினேழு குழிகூடத் தேறவில்லை. "பதினேழு குழிக்கு எட்டு லட்சமா!" என்று அவர் மாட்டைப் பார்த்துக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்க மனம் வரவில்லை போலும்.

ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016-இல் உயர் நீதிமன்றம் தடை போட்ட செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தவன் நான். டி.டி.சி.பி. எண், பட்டா, முப்பது வருட வில்லங்கம், எல்லாம் பார்த்தேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக நூற்றுக்குப் பதினொன்று என்று முணுமுணுக்காமல் கட்டினேன். "சுனாமியில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சாம்?" என்று மாமியார் கேட்டபோது, "நல்ல நாள்ல அபசகுனமாப் பேசாதீங்க அத்தை" என்று அடக்கினேன்.

தண்ணீர் வேறு வழியில் வந்தது. போர் போட்டதும் பீறிட்டது. வாயில் வைத்தால் பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த தில்லை மரம் பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் இன்றும் நிற்கிறது. அதன் பால் பட்டால் கண் போய்விடும் என்பார்கள். எனக்கு மனைக்கல்லே போதுமானதாக இருந்தது.

பதினாலு லட்சத்தில் வீடு எழும்பியது. டூரிஸ்டுகள் படகில் ஏறினார்கள், செல்ஃபி எடுத்தார்கள், பொழுது சாய்வதற்குள் சிதம்பரம் திரும்பினார்கள். எட்டு மாதம் 'வாடகைக்கு விடப்படும்' பலகைதான் குடியிருந்தது.

கடைசியில் ஒரு தம்பி வந்தான். நண்டு ஆராய்ச்சி. பத்து மாத அட்வான்ஸ் கேட்டேன். "அங்கிள், புது வாடகைச் சட்டப்படி மூணு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாது. 2019 பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துடுச்சு" என்றான். தேதி சொல்கிறவனிடம் பேரம் பேச முடியுமா? வாடகை 4,500 என்று முடிந்தது.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், குளியலறைத் தொட்டி நிறைய நண்டு. கத்த வாய் திறந்தேன். "சூப்பர் தண்ணி அங்கிள், உப்பு கரெக்டா இருக்கு" என்றான். என் போரைப் புகழ்ந்த முதல் மனிதன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். "நண்டுக்குப் பிரச்சினை இல்ல, எனக்குத்தான் குடிக்கத் தண்ணி இல்ல" என்று அடுத்து ஒன்று சொன்னான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு சுமார் பதினைந்து கிலோமீட்டர் போகிறேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் பழக்கமானவர்கள், "என்ன சார், தண்ணி பிசினஸா?" என்கிறார்கள்.

என் மனைவி பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒருநாள் கூட்டிப் பார்த்தாள். "பத்திரச் செலவோட இருபத்து மூணு லட்சம். வாடகை வருஷத்துக்கு 54,000. ரெண்டேகால் வட்டி சொச்சம். அதை ஏழு வட்டிக்கு பேங்க்ல போட்டிருந்தா, இந்த வீட்டு வாடகையும் குடுத்துட்டு மாசம் அஞ்சாயிரம் கையில நிக்கும்."

"மனை விலை ஏறுதே?"

"யார் வாங்கினா?"

புரோக்கரைத் தவிர வேறு யார் பெயரும் என் நினைவுக்கு வரவில்லை. வாடகையை ஐநூறாவது ஏற்றிவிட்டு வருகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு திரும்பினேன்.

வாசலில் எங்கள் ஹவுஸ் ஓனர் நின்றிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து ஆயிரம் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். "சரிங்க சார்" என்றேன்.